தாவும் எல்லைகளைத் தேடல்: வினவிக் கற்றல் முறையும் மொழிக் களஆய்வும்

1. முன்னுரை

மொழிக் களஆய்வில் ஈடுபடுவோர் அனைவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. அடுத்து எந்த ஊருக்குச் செல்வது, யாரிடம் எதைக் கேட்பது என்பதே அது. ஆய்வுக்குரிய நாள்களும் பொருளும் அளவானவை. ஊர்களோ மிகப் பல. இவ்வினாவுக்கு நம் துறை நெடுங்காலம் இருவகையாக விடை கண்டது. செருமனியில் கியோர்க் வெங்கர் 1876இல் பள்ளி ஆசிரியர்களுக்கு வினாநிரல்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். பின்வந்த ஆண்டுகளில் அவருடைய தரவு பல்லாயிரம் ஊர்களுக்கு விரிந்தது. பிரான்சில் சூல் சில்லியேரோனின் மொழி நிலப்படத்துக்காக எட்மோன் எட்மோ என்னும் ஒரே களஆய்வாளர் 1897 முதல் 1901 வரை 639 இடங்களில் நேரில் தரவு திரட்டினார். முன்னது எண்ணிக்கையை நம்பியது. பின்னது கேட்பவரின் காதுக் கூர்மையை நம்பியது. எனினும் இரண்டிலும் பொதுவான கூறு ஒன்று உண்டு. ஓரிடத்தில் கிடைத்த விடை, அடுத்து எங்கே கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்யவில்லை.

விடைகளைப் பார்த்து அடுத்த வினாவைத் தேர்ந்தெடுக்கும் முறை புள்ளியியலிலும் கணினி அறிவியலிலும் அண்மைப் பல்லாண்டுகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இதனை ஈண்டு 'வினவிக் கற்றல்' என்று குறிப்பிடுவோம். 'முனைப்புக் கற்றல்' எனச் சிலர் கூறுவது உண்டு. ஆயினும் கற்கும் கருவி தானே வினாவைத் தேர்கிறது என்னும் உட்பொருளை 'வினவி' என்னும் சொல் தெளிவாகத் தருகிறது. மொழித்தரவுகள் பலவும் சிறிது சிறிதாக மாறாமல் ஓர் எல்லையில் சட்டெனத் தாவி மாறுகின்றன. அத்தகைய தரவுகளுக்கு இம்முறை எவ்வாறு பொருந்துகிறது, எங்கே தவறுகிறது என்பதைப் பெங்களூருப் பகுதிக் கல்வெட்டுகளைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சரிவும் தாவலும்

ஓர் உள்ளீட்டுக்கு ஒரு விடையைத் தரும் உறவைக் கணிதத்தார் சார்பு என்பர். ஊரைச் சொன்னால் அவ்வூரார் ஒரு சொல்லை ஒலிக்கும் முறை விடையாக வருமாயின் அதுவும் ஒரு சார்பே. சார்புகளை நம் தேவைக்கேற்ப இரண்டாகப் பகுக்கலாம். உள்ளீடு சிறிது மாறும்போது விடையும் சிறிதே மாறுவது சரிவுச் சார்பு. உள்ளீடு சிறிது மாறும்போது ஓரிடத்தில் மட்டும் விடை முற்றிலும் வேறாகிவிடுவது தாவற் சார்பு.

தமிழின் 'பால், பத்து, புலி' ஆகியவற்றுக்குக் கன்னடத்தில் 'ஹாலு, ஹத்து, ஹுலி' என்பன நேரானவை. சொன்முதல் பகரத்துக்கும் ஹகரத்துக்கும் இடைப்பட்ட ஒலியைப் பேசும் ஊர் ஒன்றை இவ்விரு மொழிகளின் எல்லையில் தேடுவது வீண். ஒரு வீட்டார் 'பால்' என்பர். அடுத்த வீட்டார் 'ஹாலு' என்பர். இருமொழியாளர் ஒருவர் இடத்துக்கேற்ப இரண்டையும் சொல்வர். இதற்கு மாறாக, உயிரொலியின் நாநிலை ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக வேறுபடுவதைக் கருவிகொண்டு அளக்க இயலும். முன்னது தாவல், பின்னது சரிவு.

ஊர்ப்பெயர்களிலும் இதனைக் காணலாம். தருமபுரி மாவட்டத்திலேயே மாரண்டஹள்ளியும் உண்டு, பாப்பாரப்பட்டியும் உண்டு. பெயரீறு 'ஹள்ளி' அல்லது 'பட்டி'யாக இருக்கும். இரண்டின் சராசரி என ஓர் ஈறு இல்லை. நிலப்படத்தில் இவ்வீறுகளைக் குறித்து, இடைவெளிகளைக் கணக்கீட்டால் நிரப்பும்போது, 'பாதி ஹள்ளி' என்னும் பொருளில் ஒரு மங்கிய வண்ணம் தோன்றும். அவ்வண்ணம் எண்ணிக்கை விகிதத்தைக் குறிக்குமாயின் பொருளுடையது. ஒரு கலப்பு வழக்கைக் குறிப்பதாகப் படிப்பவர் கொள்வாராயின், இல்லாத வழக்கு ஒன்றை நாமே படைத்தவர்கள் ஆவோம். தாவலைச் சரிவாகக் கருதுவதால் விளையும் முதற் கேடு இதுவே.

3. ஒரே பரிமாணத்தில் எல்லை தேடல்

முறையின் அடிப்படையை எளிய சோதனை ஒன்றால் அறியலாம். 'படு', 'பாடு' என்னும் இணையில் முதல் உயிரின் நீளமே பொருளை வேறுபடுத்துகிறது. கணினியின் துணையால் அவ்வுயிரின் கால அளவை ஒவ்வொரு மில்லி நொடியாகக் கூட்டி 128 ஒலிப்புகளைச் செய்ததாகக் கொள்வோம். முதல் ஒலிப்பு ஐயமறப் 'படு'. இறுதி ஒலிப்பு ஐயமறப் 'பாடு'. கேட்பவர் எந்த இடத்தில் ஒரு சொல்லிலிருந்து மற்றதற்கு மாறுகிறார் என்பதே வினா. ஒலித்தொடர் சீராக நீண்டாலும் கேட்பவரின் தீர்ப்பு ஓரிடத்தில் சட்டென மாறும் என்பதை வேறு ஒலிகளைக் கொண்டு இலிபர்மனும் உடன் பணியாற்றியோரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒலியியலார் இதனை வகைப்படு புலனுணர்வு என்பர்.

ஏழு வினாக்கள் மட்டுமே கேட்க இயலும் எனில் என்ன செய்வது? 16, 32, 48 எனச் சம இடைவெளியில் ஏழு ஒலிப்புகளைத் தேர்ந்து கேட்டால், எல்லை 16 மில்லி நொடி அகலமுள்ள ஒரு பகுதிக்குள் இருக்கிறது என்று மட்டுமே கூற இயலும். மாறாக, முதலில் நடுவில் உள்ள 64ஆம் ஒலிப்பைக் கேட்போம். விடை 'படு' எனில் எல்லை அதற்கு மேலே உள்ளது. 'பாடு' எனில் கீழே உள்ளது. எஞ்சிய பாதியின் நடுவை அடுத்துக் கேட்போம். ஒவ்வொரு வினாவும் ஐயத்தைப் பாதியாக்குவதால், ஏழாம் வினாவின் முடிவில் எல்லை அடுத்தடுத்த இரண்டு ஒலிப்புகளுக்கு இடையே அகப்பட்டுவிடும். முன்கூட்டியே வகுத்த வினாநிரலால் இதே நுட்பத்தை அடைய வேண்டுமாயின் இடையில் உள்ள 126 ஒலிப்புகளையும் கேட்டாக வேண்டும்.

இக்கணக்கு ஒரு நிபந்தனையின் மீது நிற்கிறது. கேட்பவர் ஒருமுறையும் பிழையாக விடை கூறலாகாது. நடைமுறையிலோ எல்லையை நெருங்க நெருங்கக் கேட்பவர் தடுமாறுவார். ஒரு தவறான விடைக்குப் பின் சரியான பாதியையே நாம் கழித்துவிட்டிருப்போம். அதன்பின் எத்தனை வினாக்கள் கேட்டாலும் மீட்சி இல்லை. இதற்கு ஓர்சுட்டைன் 1963இல் தகவல் தொடர்புக் கோட்பாட்டில் ஒரு தீர்வு கூறினார். எந்தப் பாதியையும் முற்றாகக் கழிக்காமல், ஒவ்வோர் இடத்துக்கும் 'எல்லை இங்கே இருக்கக்கூடும்' என்னும் நம்பிக்கை எடை ஒன்றை அளிக்க வேண்டும். விடை கிடைக்கும்தோறும் ஒருபுறத்து எடையைக் கூட்டி, மறுபுறத்து எடையைக் குறைக்க வேண்டும். மொத்த எடை சரிபாதியாகப் பிரியும் புள்ளியில் அடுத்த வினாவைக் கேட்க வேண்டும். பிழையான விடை வந்தால் தேடல் சற்று விலகும். பின்வரும் விடைகள் அதனைத் திருப்பிக் கொணரும். செவிப்புலச் சோதனைகளில் இன்றும் வழங்கும் ஏற்ற இறக்க முறையை இலெவிட் 1971இல் முறைப்படுத்தினார். அதுவும் முந்தைய விடையைப் பார்த்து அடுத்த வினாவைத் தேரும் இனத்தைச் சேர்ந்ததே. எனவே மொழியியலார்க்கு வினவிக் கற்றல் முற்றிலும் புதியதன்று. பெயர் மட்டுமே புதிது.

4. மென்மை மாதிரியின் குறை

இனி நிலப்பரப்புக்கு வருவோம். இடஞ்சார்ந்த தரவுகளுக்குப் புள்ளியியலார் பெரிதும் பயன்படுத்துவது காவுசியச் செயல்முறை என்னும் மாதிரி. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் கிரிகே தங்கத் தாதின் அளவை மதிப்பிடச் செய்த பணியிலிருந்து வளர்ந்த 'கிரிகிங்' முறையும் இதுவும் கருத்தளவில் ஒன்றே. அருகருகே உள்ள இடங்களின் விடைகள் ஒத்திருக்கும். தொலைவு கூடக் கூட ஒப்புமை குறையும் என்பதே இதன் அடிப்படை. இம்மாதிரி ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்களைத் தரும். ஒன்று எதிர்பார்க்கும் விடை. மற்றொன்று அவ்விடையைப் பற்றிய ஐயத்தின் அளவு. ஐயம் மிகுந்த இடத்துக்கு அடுத்துச் செல்க என்பது இயல்பான விதியாகத் தோன்றும்.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உள்ளது. மாதிரியின் அளபுருக்கள் நிலையாக இருக்கும்போது, ஐயத்தின் அளவு நாம் கேட்ட இடங்களை மட்டுமே சார்ந்தது. அங்குக் கிடைத்த விடைகளைச் சாராது. பத்துக் கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு ஊர்களைக் கருதுவோம். இரண்டிலும் 'பால்' என்றே விடை வந்தது. வேறோர் இடத்தில் அதே இடைவெளியுள்ள மற்ற இரண்டு ஊர்களில் ஒன்று 'பால்' என்றது. மற்றது 'ஹாலு' என்றது. எல்லை இரண்டாம் இணைக்கு நடுவில் உள்ளது என்பதைக் களஆய்வு மாணவரும் அறிவார். காவுசியச் செயல்முறையோ, சுற்றியுள்ள பிற ஊர்களின் அமைப்பும் ஒத்திருக்குமாயின், இரண்டு இணைகளின் நடுவிலும் ஒரே அளவு ஐயத்தையே காட்டும். விடைகளைக் கொண்டு அளபுருக்களைத் திருத்தினாலும் அத்திருத்தம் நிலப்பரப்பு முழுவதற்கும் ஒரே சீராகப் பரவும். எல்லைப் பகுதியைத் தனித்துச் சுட்டாது. ஆக, இம்முறையில் வினவிச் செல்வது, ஊர்களைச் சம இடைவெளியில் பரப்பும் பழைய முறையாகவே முடிகிறது. விடை வகைப்பெயராக இருக்கும்போது மாதிரியைச் சற்று மாற்றி அமைப்பர். அப்போது விடைகள் ஓரளவு நுழையும். எனினும் பரப்பு முழுதும் ஒரே வகை மென்மை உடையது என்னும் எடுகோள் நீங்குவதில்லை.

இரண்டாவது குறையும் உண்டு. மென்மையான வளைவு ஒன்றைத் தாவலின் மீது வலிந்து பொருத்தினால், தாவலுக்கு இருபுறமும் வளைவு மேலும் கீழும் அலையும். எல்லைக்கு அப்பால் உள்ள தெளிவான ஊர்களிலும் ஐயுறத்தக்க மதிப்புகள் தோன்றும். தாவலின் கூர்மைக்கு ஈடுகொடுக்க மாதிரி தன் மென்மையைக் குறைத்துக்கொண்டால், சீரான பகுதிகளிலும் தேவையற்ற ஏற்ற இறக்கங்கள் புகும். ஓர் எல்லைக்காக நிலப்பரப்பு முழுவதும் தண்டம் செலுத்துகிறது எனலாம்.

5. தாவலை ஏற்கும் மாதிரிகள்

இக்குறைக்கு மாற்று, நிலப்பரப்பைத் துண்டுகளாகப் பகுத்து ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி மாதிரி அமைப்பதாகும். இராபர்ட் கிராமசியும் எர்பர்ட் லீயும் 2008இல் வெளியிட்ட மரவழிக் காவுசியச் செயல்முறை இவ்வகையது. அவர்கள் எடுத்துக்கொண்டது மொழியன்று. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவில் ஆராயப்பட்ட, மீண்டு தரையிறங்கும் உந்துகலம் ஒன்றைப் பற்றிய கணிப்பு அது. கலத்தின் வேகம் ஒலியின் வேகத்தைக் கடக்கும் இடத்தில் அதன்மீது செயற்படும் விசைகள் சட்டென மாறுகின்றன. பிற வேகங்களில் மெல்லவே மாறுகின்றன. ஒவ்வொரு கணிப்பும் மீக்கணினியில் நெடுநேரம் எடுப்பது. எனவே எந்த வேகத்துக்கு அடுத்த கணிப்பைச் செய்வது என்பது செலவு பற்றிய வினா ஆயிற்று. களஆய்வாளரின் வினாவும் இதுவே.

மரம் என்பது தொடர் வினாக்களின் அமைப்பு. 'இவ்வூர் இந்தக் கோட்டுக்கு வடக்கே உள்ளதா?' என்பது முதல் வினா. ஆம் எனில் 'இந்தக் கோட்டுக்குக் கிழக்கே உள்ளதா?' என்பது அடுத்த வினா. இவ்வாறு கிளைத்த ஒவ்வொரு துண்டிலும் ஒரு தனி மாதிரி அமரும். எல்லை எங்கே என்பது முன்கூட்டித் தெரியாததால், ஒரே மரத்தை நம்பாமல் தரவுக்குப் பொருந்தும் பல மரங்களை வைத்துக்கொண்டு அவற்றின் தீர்ப்புகளை ஒப்பிடுவர். எல்லா மரங்களும் ஒரே விடை கூறும் இடத்தில் கேட்க வேண்டிய தேவை குறைவு. மரங்கள் தம்முள் முரண்படும் இடமே அடுத்துச் செல்ல வேண்டிய இடம். இப்போது ஐயத்தின் அளவு விடைகளையும் சார்ந்துவிட்டது. 'பால்' ஊருக்கும் 'ஹாலு' ஊருக்கும் நடுவே உள்ள இடம் தானாகவே முன்னுரிமை பெறும். மொழி எல்லைகள் நேர்க்கோடாக அமைவதில்லை. ஆறும் மலைத்தொடரும் வணிகச் சாலையும் அவற்றை வளைக்கின்றன. ஆகவே வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும் மட்டுமே வெட்டும் மரத்துக்கு மாற்றாக, மையப் புள்ளிகளைச் சுற்றிப் பரப்பைப் பிரிக்கும் பகுப்புகளும் பயன்படுகின்றன.

இதனால் விளையும் பயன் எவ்வளவு? காசுட்ரோ, வில்லெட், நோவாக் ஆகிய மூவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான விடை தருகிறது. பரப்பு முழுவதும் மென்மையாக உள்ள சார்புகளுக்கு, வினவித் தேர்வதால் பிழை குறையும் வேகத்தில் முன்னேற்றம் இல்லை. துண்டுதோறும் மாறாதிருந்து எல்லையில் மட்டும் தாவும் சார்புகளுக்கு முன்னேற்றம் உண்டு. இருபரிமாணப் பரப்பில் முன்வகுத்த முறையின் பிழை, வினாக்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. வினவும் முறையின் பிழை ஏறத்தாழ அவ்வெண்ணிக்கைக்கே எதிர்விகிதத்தில் குறையக்கூடும். கட்டங்களாக எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். பரப்பை 32 வரிசையும் 32 நிரையுமாகப் பிரித்தால் 1024 கட்டங்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்காகத் திரும்பாமல் செல்லும் எல்லைக் கோடு ஒன்று இவற்றுள் மிகுதியாக 63 கட்டங்களையே தொடும். எஞ்சிய கட்டங்களில் நாம் கேட்கும் வினா ஒவ்வொன்றும் அறிந்ததையே மீண்டும் கேட்பதாகும்.

எனவே மொழியியலார் முதலில் முடிவு செய்ய வேண்டியது கருவியை அன்று; தரவின் இயல்பையே. தாம் ஆராயும் மாற்றம் சரிவா, தாவலா என்பது தெரியாமல் வினவிக் கற்றலைக் கையாள்வது பயன் தராது.

6. பெங்களூருப் பகுதிக் கல்வெட்டுகள்

பெங்களூருப் பகுதி இவ்வினாவுக்கு நல்லதொரு களம். பெ. லூ. ரைஸ் பதிப்பித்த 'எபிகிராபியா கர்நாடிகா'வின் ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. அன்றைய பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள் அதில் அடங்கும். கன்னடக் கல்வெட்டுகளும் தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. ஏறத்தாழ 890ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் பேகூர்க் கல்வெட்டு 'பெங்களூரு' என்னும் பெயரைக் குறிப்பது. அது கன்னடத்தில் அமைந்தது. நகரின் கிழக்கே தோமலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1004ஆம் ஆண்டளவில் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றிக் கங்கவாடியைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்தனர். 1116ஆம் ஆண்டளவில் போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டான். இவ்விடைக்காலத்திலும், பின்னர்ப் போசள இராமநாதன் காலத்திலும் இப்பகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் எழுந்தன. விசயநகர ஆட்சிக் காலத்தில் கன்னடம் மேலோங்கியது.

இங்கே ஒரே தரவுத் தொகுதியிலிருந்து இரண்டு சார்புகளை எடுக்கலாம். இடமும் ஆண்டும் கொடுத்தால் கல்வெட்டின் மொழி எது என்பது முதற் சார்பு. இது தாவும் இயல்பினது. ஆட்சி மாற்றமும் கோயில் நிருவாக மாற்றமும் ஒரு தலைமுறைக்குள் கல்வெட்டு மொழியை மாற்றிவிடக்கூடும். மக்கள் பேச்சு அதனுடன் உடனே மாறியது எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆணை எழுதியவரின் மொழியே கல்லில் ஏறியது. இச்சார்பை மென்மையான வளைவாக வரைந்தால், 1004க்கு முன்பே தமிழ் மெல்லப் பெருகி வந்ததுபோன்ற தோற்றம் உண்டாகும். வரலாற்று ஆசிரியர் ஒருவர் அத்தோற்றத்துக்குக் காரணம் தேடத் தொடங்கினால், கணக்கீட்டின் பிழை வரலாறாக மாறிவிடும்.

கன்னடக் கல்வெட்டுகளில் சொன்முதல் பகரம் எந்த ஆண்டில் ஹகரமாக எழுதப்படுகிறது என்பது இரண்டாவது சார்பு. இம்மாற்றம் 10ஆம் நூற்றாண்டை ஒட்டித் தலைகாட்டி, 14ஆம் நூற்றாண்டளவில் பெரும்பாலும் நிறைவெய்தியது என்பர். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இரண்டு எழுத்து முறைகளும் உடன் வழங்கின. தனிச்சொல்லில் பகரமோ ஹகரமோ தான் வரும். ஆயினும் வழக்கின் விகிதம் படிப்படியாக ஏறும் சரிவாகும். இத்தகைய மாற்றங்கள் மெல்லத் தொடங்கி, இடையில் விரைந்து, இறுதியில் மெல்ல முடியும் நெளிகோடாக அமைவதை வரலாற்று மொழியியலார் பலமுறை காட்டியுள்ளனர். இதற்கு வினவிக் கற்றல் முதற் சார்புக்குத் தரும் அளவு பயனைத் தராது. காலமுழுதும் பரவலாகக் கல்வெட்டுகளைப் படிப்பதே இங்குத் தகும்.

முதற் சார்புக்கு மொழி எது என்பது அச்சுப் பதிப்பிலேயே கிடைக்கிறது; செலவு குறைவு. இரண்டாவதற்குக் கல்லையே மீண்டும் பார்க்க வேண்டிய தேவை எழும். இக்காலக் கன்னட எழுத்தில் பகர, ஹகர வடிவங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. தேய்ந்த கல்லில் பழைய எழுத்தைப் படிப்பவர்க்கும் இவ்வகை ஐயம் நேரலாம். பெங்களூரு மிதிக் சொசைட்டி 2021 முதல் இப்பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் படியெடுத்து வருகிறது. எழுத்தின் பள்ளத்தை ஒளி நிழல் வேறுபாட்டுடன் திரையில் திருப்பிப் பார்க்க இம்முறை இடந்தருகிறது. ஆயினும் ஒவ்வொரு கல்லையும் தேடிச் சென்றாக வேண்டும். எந்தக் கல்லுக்கு முதலில் செல்வது என்னும் வினா இங்கே மீண்டும் எழுகிறது.

7. களத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

முதலாவது, நாம் விரும்பிய புள்ளியில் வினவ இயலாமை. 'படு-பாடு' சோதனையில் எந்த நீளமுடைய ஒலியையும் செய்துகொள்ளலாம். 1050ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று வேண்டும் என்று மாதிரி கேட்டால் அது கிடைத்தாக வேண்டும் என்பதில்லை. எஞ்சியுள்ள கற்களின் குவியலிலிருந்தே தேர்வு செய்ய வேண்டும். காலம் குறிக்கப்படாத கல்வெட்டுகளுக்கு எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பர். எழுத்தமைதியால் கணித்த காலத்தை வைத்து எழுத்து மாற்றத்தின் காலத்தை நிறுவுவது சுழல் வாதம் ஆகும். ஆதலின் ஆண்டு பொறித்த கல்வெட்டுகளைத் தனியே கொண்டு முதலில் மாதிரியை அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, தீவுகள். வினவிக் கற்றல் தான் அறிந்த எல்லையை நுணுகி ஆராயும். அறியாத எல்லையைத் தேடாது. பெரும் கன்னடப் பரப்பின் நடுவே தமிழ் வழங்கும் சிற்றூர் ஒன்று இருப்பின், சுற்றியுள்ள ஊர்களின் ஒருமித்த விடை அச்சிற்றூரை மறைத்துவிடும். 1809இல் அமைந்த பெங்களூர்ப் படைவீட்டுப் பகுதியைச் சுற்றித் தமிழர் குடியேறியதும், கோலார் தங்கவயலில் தமிழ் வேரூன்றியதும் இத்தகைய தீவுகளுக்குச் சான்று. இவற்றைத் தொலைவு அடிப்படையிலான எந்த மாதிரியும் முன்னுணர்ந்திருக்காது. எனவே தொடக்கத்தில் பரவலான ஒரு சுற்று வினாக்களும், பின்னரும் ஒவ்வொரு கட்டத்திலும் குலுக்கல் முறையில் தேர்ந்த சில வினாக்களும் இன்றியமையாதவை. ஐந்தில் ஒரு பங்கை இவ்வாறு ஒதுக்குவது என் பரிந்துரை. களத்தின் தன்மைக்கேற்ப இதனைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

மூன்றாவது, நிலம் மட்டுமே உள்ளீடு அன்று. ஓசூர்ப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றும் ஒரே தெருவில் வழங்கும். ஊரை மட்டும் உள்ளீடாகக் கொண்டால் விடை ஒன்றாக அமையாது. சார்பு என்னும் கருத்தே தகர்ந்துவிடும். வீட்டு மொழி, சமூகம், அகவை, கல்வி ஆகியவற்றையும் உள்ளீடாகச் சேர்க்க வேண்டும். தென்னிந்திய மொழிகளில் சமூகக் கிளைமொழிகள் பற்றி வில்லியம் பிரைட், அ. க. இராமானுசன் ஆகியோர் செய்த ஆய்வுகளை அறிந்தவர்க்கு இது புதிதன்று. இங்கே தாவல் ஊர் எல்லையில் இல்லை. இரண்டு வீடுகளுக்கு இடையே உள்ளது.

நான்காவது, வினவித் திரட்டிய தரவின் பயன்பாடு. அத்தரவில் எல்லைக்கு அருகில் உள்ளவையே மிகுதியாக இருக்கும். அதைக்கொண்டு எல்லையை வரையலாம்; வழக்கின் விகிதத்தைக் கூறலாகாது. மொழிபெயர்ப்பாளர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். கன்னட நாவல் ஒன்றில் ஒருமை விளியும் பன்மை விளியும் தமிழில் 'நீ, நீர், நீங்கள், தாங்கள்' எனப் பிரியும்போது, எந்த உறவில் எது என்னும் எல்லையைக் கண்டறிய ஐயத்திற்கிடமான தொடர்களை மட்டும் தேர்ந்து மூத்த மொழிபெயர்ப்பாளரிடம் காட்டுவது சிறந்த முறையே. அவருடைய காலம் மிச்சமாகும், தீர்ப்புகளும் கூர்மையுறும். ஆயினும் அவ்வாறு சேர்ந்த தொடர்களையே எடையிடாமல் எடுத்துக்காட்டுத் தொகுதியாக்கி மொழிபெயர்ப்புக் கணினிக்குப் பயிற்சி அளித்தால், அரிய வழக்கு பொது வழக்காகத் தோன்றும். ஒவ்வொரு தொடரும் எந்த விதியால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைத் தரவுடன் சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவு இருப்பின் பின்னர் வருவோர் எடையைத் திருத்திக்கொள்வர். இல்லையெனில் அத்தொகுதியை எதற்கும் நம்ப இயலாது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. மொழித்தரவில் தாவல் உள்ள இடத்தில், விடைகளைப் பார்த்து வினாவைத் தேரும் முறை களஆய்வின் செலவைப் பெரிதும் குறைக்கக்கூடும். சரிவு உள்ள இடத்தில் அப்பயன் குறைவு. பரப்பு முழுவதையும் ஒரே மென்மையுடன் நோக்கும் மாதிரி தாவலை மறைப்பதுடன், இல்லாத இடைவழக்கையும் காட்டும்; பரப்பைப் பகுத்து நோக்கும் மாதிரியே இங்குத் தகும். எந்த மாதிரியும் தான் அறியாத தீவைத் தேடாது என்பதால் குலுக்கல் வினாக்களுக்கும் களஆய்வாளரின் பட்டறிவுக்கும் இடம் வைத்தல் வேண்டும்.

இவற்றோடு கல்வெட்டாய்வுக்கு மட்டும் உரிய ஒன்றையும் கூறி அமையலாம். மாதிரி ஐயமற்றது என ஒதுக்கும் கல் ஒன்று, சாலை விரிவாக்கம் நடைபெறும் இடத்தில் கிடக்கலாம். எல்லை பற்றிய அறிவுக்கு அக்கல் எதையும் கூட்டாது என்பது கணக்கீட்டின் தீர்ப்பு. ஆயினும் எல்லையை அடுத்த ஆண்டும் தேடலாம். உடைந்த கல்லை அடுத்த ஆண்டு படிக்க இயலாது. நாளைய ஆய்வாளர் அக்கல்லிடம் கேட்க விரும்பும் வினா இன்று நம் மாதிரியில் இல்லாத வினாவாகவும் இருக்கலாம். ஆகவே படிக்கும் வரிசையை மாதிரி வகுக்கட்டும். படியெடுக்கும் வரிசையை அழிவின் அண்மையே வகுத்தல் வேண்டும்.